தப்பால்மேட்டின் மேல் எண்ணெய்க் கறை

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். எடுத்த இடத்தில், பழைய தலையணை உறைக்குள், அப்படியே வைத்துவிடுங்கள்.

12.7.94 செவ்வாய்

காலையிலிருந்து காற்று. இடையிடையே சாரல். மாடியில் காயப்போட்ட யூனிபார்ம் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். கணக்கு டெஸ்ட்டில் 61. இன்னும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கவில்லை.

அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. இன்று செய்த காரியம்தான் பயம்.

பள்ளிக் கண்காட்சிக்கு வரலாறு மிஸ் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். எனக்கு ஸ்டெல்லா. (இனி ஸ்டெ.) பழைய வரைபடத்திலும் தபால் ஆபீசிலும் மட்டும் மிஞ்சியிருக்கும் ஊர்களைத் தேட வேண்டும். நாங்கள் எடுத்தது ஸ்டெ. குடியிருக்கும் இடம். எங்கள் சொந்த ஊருக்குப் பக்கத்தில், ஈரோடு ரோட்டை ஒட்டி ஒரே வரிசையாகச் சில வீடுகள். அந்த ஊர் தபால் ஆபீசில் போன வாரம் ஒரு பழுப்பேறிய பட்டியலைக் காட்டினார்கள். எந்தெந்த இடத்துக்குத் தபால் கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியல். அதில் "தப்பால்மேடு, ஓட்டக்காரர் குடியிருப்பு" என்று இருந்தது. (தபாலைத்தான் அந்தக் காலத்தில் தப்பால் என்பார்களாம்.) ரயில் வராத காலத்தில் தபால் மூட்டையைத் தோளில் போட்டு, மணி கட்டிய ஈட்டியோடு, ஒரு சாவடியிலிருந்து அடுத்த சாவடிக்கு ஓடியவர்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் ஸ்டெ. வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும். பாடப் புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வரைபடம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அந்த ஊருக்கு மணியகாரராக இருந்தவர். மணியகாரர் பதவி போனபிறகும் கிராம வரைபடம் பீரோவை விட்டுப் போகவில்லை. அப்பா இன்று ஈரோடு போயிருந்தார். எடுத்தேன்.

டிரேசிங் பேப்பர் கடையில் இல்லை. எப்போதும் செய்வதுபோல வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே வைத்து, பென்சிலால் இழுத்தேன். சாவடி, கிணறு, வீடுகளுக்குச் சின்னச் சின்னக் கட்டம், "தப்பால்மேடு" என்ற எழுத்து, எல்லாம் அழகாக வந்தது. எடுத்துப் பார்த்தால் வரைபடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். சரியாகத் தப்பால்மேட்டின் மேலேயே. தாள் காய்வதற்குள் வைத்துவிட்டேன். முட்டாள்.

முகப்பவுடர் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் குறைந்தது. இப்போது எண்ணெய் வாசனையோடு பவுடர் வாசனையும்.

14.7.94 வியாழன்

அப்பா பீரோவைத் திறக்கவில்லை. திறந்தாரோ? தெரியவில்லை. இரவு தோசை. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

அப்பா போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது:

"அவிய மில்லு வந்தப்பொறம் கூலிக்கு வந்து குடிசை போட்டவியங்க. அதுக்கு முந்தி அங்க ஒரு காக்கா கூட இல்லீங்க. புதன்கிழமை தாலுகா ஆபீஸ்ல விசாரணை. முடிஞ்சா அடுத்த நாளே ஜேசிபி உட்றலாம்."

அப்பா சைட் போட்டு விற்கிறார் என்று தெரியும். எந்த இடம் என்று கேட்டதில்லை. இன்று மேஜைமேல் இருந்த லேஅவுட் தாளைப் பார்த்தேன். முப்பதடி ரோடு ஒன்று ஸ்டெ. வீட்டு அடுப்படி வழியாகப் போகிறது.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. நாளை எப்படி அவள் பக்கத்தில் உட்கார்வது?

16.7.94 சனி

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்டெ. வீட்டுக்கு. பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி ஓட்டினேன்.

ஸ்டெ. அப்பா மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு கம்பி, அதில் குத்திய கடிதங்கள். மேலே இருப்பது கரண்ட் ரசீது. அடியில் போகப் போகப் பழசு. கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கார்டு. கொடுமுடியில் நடந்த கல்யாணத்துக்கு அழைப்பு. முகவரியில் "தப்பால்மேடு". வட்ட முத்திரை பாதி அழிந்திருந்தது.

இதுபோல வேறு கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். சாவுச் செய்தி வந்த கார்டுகள்தான் நிறைய வந்ததாம், ஓரத்தில் கறுப்பு மை தடவி. ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள், வாசலில் படித்து அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். நல்ல செய்தி மட்டும்தான் கம்பியில் ஏறும். அதனால் இவ்வளவு காலத்துக்கு இந்த ஒரு கார்டுதான் மிச்சம்.

அதைப் போன மாத விசாரணையில் காட்டினாராம். தபால் பட்டியலையும் சொன்னாராம். கார்டில் யாரும் என்ன ஊர்ப் பெயரும் எழுதலாம், பட்டியலில் இடம் எதுவென்று இல்லை, வரைபடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் எடுத்த நகலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கிணற்றின்மேல் விரலை வைத்தார். இப்போதும் அதில்தான் தண்ணீர் சேந்துகிறார்கள்.

"நல்லா எழுதிருக்கற கண்ணு. ஆனா புள்ளைங்க போட்ட படம்னு தள்ளிப்போடுவாங்க. ஆபீஸ்ல இருந்தத கரையான் தின்னுபோட்டுதாம். இன்னொண்ணு மணியகாரர் ஊட்ல இருக்குதுங்கறாங்க. அவிய எங்க குடுக்கப் போறாங்க?"

பிறகு காப்பி டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஏனுங்க அம்மணி, உங்கப்பா என்ன பண்றாருங்க?" என்றார்.

 ஸ்டெ. முந்திக்கொண்டு, "வியாபாரம்ப்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவளுக்குத் தெரியும். எப்போதிருந்து?

18.7.94 திங்கள்

காற்று நின்றபாடில்லை. ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திடுக்கென்கிறது.

சாயங்காலம் அப்பா தேன்மிட்டாய் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் தனிப் பொட்டலம். மேஜையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. தப்பால்மேட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து, ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். பவுடரால் கறையைக் கவனிக்கவில்லையோ, அல்லது பழைய தாளில் இது சகஜம் என்று நினைத்தாரோ.

"என்னங்கப்பா அது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தாலுகா ஆபீஸ்ல மேப் கேட்டாங்க, ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாப் போதும்னாங்க. பழசு, நைஞ்சு போச்சு. அதான் ஒட்டறேன். நீ மிட்டாயத் தின்னு."

நைந்த இடம் அது இல்லை. நைந்தது மடிப்பு. எனக்குத் தெரியும்.

மிட்டாய் மேஜை டிராயரில் இருக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

செய்யக்கூடியவை:
மிஸ்ஸிடம் சொல்வது. (அப்பா பெயர் வெளியே வரும்.)
ஸ்டெல்லாவிடம் சொல்வது. (அதேதான்.)
சும்மா இருப்பது. (புதன் போனால் வியாழன் ஜேசிபி.)

அம்மா இப்போதுதான் கதவைத் தட்டிவிட்டுப் போனார், லைட்டை அணைக்கச் சொல்லி. அம்மா தட்டினால் முதலில் வளையல் கேட்கும். அதனால் நோட்டை ஒளிக்க நேரம் கிடைத்தது.

19.7.94 செவ்வாய்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பள்ளி விட்டு வந்தபோது அப்பா கூடத்தில். ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு ஜெராக்ஸ் கடை ஏறி இறங்கியிருக்கிறார். எடுத்த பிரதியெல்லாம் சோபாவில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள் இருந்த இடம் வெள்ளையாக வராமல் சாம்பல் நிறமாக, அதற்குள் கட்டம் கட்டமாக வீடுகள், மங்கலாக "தப்பால்மேடு". பவுடருக்கு அடங்காத எண்ணெய் ஒரே இரவில் மேல்தாளில் ஊறி, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைக்காரர் சிரித்தாராம், "ஏனுங்க, வடை மடிச்ச காயிதமா?" என்று.

அப்பா வரைபடத்தை மூக்கருகே கொண்டுபோனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தேங்கா எண்ணெ. இந்தப் பீரோவ யாரு தொட்டது?"

கண் என் பின்னலில் நின்றது.  அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்:

"நாந்தாங்க. தலைக்கு வெச்ச கையோட பீரோவ ஒதுங்க வெச்சுப்போட்டேன்."

அம்மா அந்தப் பீரோவைத் தொடுபவரே இல்லை. அப்பாவுக்கும் தெரியும்.  ஒட்டுத்தாளை நகத்தால் உரிக்கப் பார்த்தார். அடித்தாளும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டார். வரைபடத்தைப் பிரதிகளுக்குள் வைத்துச் சுருட்டி, கயிறு கட்டி அம்மா கையில் கொடுத்தார். காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட வேண்டும், நம்ம வீட்டு மேப்பும் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அவர் குளிக்கப் போனதும் அம்மா அந்தச் சுருளை அடுப்புக்குப் பக்கத்தில் தென்னமட்டைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"எரிஞ்சு போச்சுன்னா எந்தக் காயிதம்னு யாரு கண்டா? உம்பட பழைய சார்ட்டெல்லாம் இருந்தா அதையும் கொண்டாந்து போடு அம்மணி."

அவ்வளவுதான். வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

என் போன வருஷத்து ஜீரண மண்டலம் சார்ட் இப்போது மட்டைமேல், வெளியே ஜெராக்ஸ் பிரதிகள் சுற்றி, அதே கயிறு போட்டு. வரைபடம் என் அட்லஸில், பழுப்பு அட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவில், எட்டாக மடித்து. மடிக்கும்போது கொஞ்சம் கிழிந்தது. ஊர் இருக்கும் இடம் கிழியவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் ஸ்டெ. வீடு. அவள் அப்பா கையில் கொடுத்துவிட்டு, நான் யார் மகள் என்று நானே சொல்லிவிட வேண்டும். பிறகு வீட்டுக்கு வர வேண்டும். அதை யோசிக்கக் கூடாது.

அப்பா இன்னும் தூங்கவில்லை. கூடத்தில் லைட். சமையலறைப் பக்கம் நடக்கிறார். தண்ணீர் குடிக்கவாக இருக்கும்.

மட்டை சரியும் சத்தம்.

கயிறு அவிழ்க்கிறாரா? ஜன்னல் கொக்கியா? இல்லை, காற்று நின்றுவிட்டது.

நடை இந்தப் பக்கம்.

கதவு. தட்டுகிற சத்தம் மட்டும். வளையல்