புகை மேலதான் போச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு வீட்டுக்கு ஓடு. கேஸ் கீசரை அணை. எல்லா ஜன்னலையும் திற. அண்ணியையும் பாப்பாவையும் வெளியே கூட்டிக்கொண்டு போ. குளிர்ந்தால் குளிரட்டும், போர்வையோடு போ. பிறகு மீதியைப் படி. என்மேல் கோபம் இருந்தால் அதையும் வெளியே நின்றே படு.

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து எனக்கு இருப்பதே அந்த ஒரு கேள்விதான். முறைக்காகக் கேட்கவில்லை அண்ணா, நிஜமாகவே கேட்கிறேன்.

நீ இங்கே கடைசியாக முடித்துக் கொடுத்தாயே, பேங்க்காரர் வீடு, அதன் வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது. பத்து நாள் வெளியூர் போனவர்கள் இன்று சாயங்கால ரயிலில் திரும்புகிறார்கள். வந்த களைப்புக்கு முதல் வேலையாக வெந்நீர்தான் போடுவார்கள். அதற்கு முன்னால் நான் குறுக்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னிடம் நேரிலேயே ஓடி வந்திருப்பேன். உன் சைட்டுக்குக் கூரையில் விரிக்கும் பஞ்சு மூட்டை ஏற்றிப் போகும் லாரி டிரைவர் நாலு மணிக்கு இந்தத் தெருவுக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். நாளை மறுநாள் காலையில் உன் கைக்கு வந்துவிடுமாம். நடுவில் இரண்டு ராத்திரி இருக்கிறது. அதை நினைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது நாள் முன்னால் போனில் நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். குளிர் புகாமலிருக்க நீ சந்து பொந்தெல்லாம் அடைத்து, கூரைமேல் பஞ்சு விரித்துக் கொடுத்த டீச்சர் வீட்டில் தினமும் காலையில் எல்லோருக்கும் தலைவலி, சின்னவனுக்கு வாந்தி. விஷப்புகையைக் காட்டும் மீட்டரோடு போனேன். வாசலைத் தாண்டியதும் அது கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த இந்த பேங்க்காரர் வீடு தவிர, நீ செய்த மற்ற நாலு வீட்டிலும் இதே கதை. கீசரை எல்லாம் அணைத்துவிட்டு வந்து உன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், எல்லா வீட்டுக்கும் கடைசிச் சோதனை சரி என்று எழுதியிருக்கிறாய். பார்க்காமலே எழுதிவிட்டாய் என்று உன்னைப் பிடிபிடியென்று பிடித்தேன். நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“நான் பார்த்தேன். புகை மேலதான் போச்சு.”

வாய் கூசாமல் பொய் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு பிள்ளைக்குத் தகப்பனா என்று கேட்டேன். நீ போனை வைத்தாய். அன்றிலிருந்து நீயும் எடுப்பதில்லை, அண்ணியும் எடுப்பதில்லை.

இன்று காலை புது பேட்ச்சுக்கு நான் எடுத்தது, முன்பு உனக்கும் எடுத்த அதே கடைசிச் சோதனைப் பாடம். உனக்குத் தெரிந்ததுதான். இடுக்கை எல்லாம் அடைத்த பிறகு வீடு மூடி போட்ட டப்பா மாதிரி. சமையலறை ஃபேனும் குளியலறை ஃபேனும் காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லையென்றால் கீசரின் புகைக்குழாய் வழியாகவே இறங்கும், புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அந்த விஷத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, ஃபேன்களை ஓடவிட்டு, கீசரைப் பற்றவைத்து, குழாய்க்கு அடியில் ஊதுபத்தி பிடித்துப் பார்க்கிறோம். புகை மேலே போனால் சரி, அறைக்குள் திரும்பினால் ஆபத்து.

பயிற்சிக் கூடத்து மாதிரி வீட்டில் பதினெட்டு காண்ட்ராக்டர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வேர்வை நாற்றம் தாங்கவில்லை. வழக்கம்போல, யாராவது அந்தப் பின்கதவைத் திறங்கப்பா என்றேன். ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை ஜம்மென்று மேலே போயிற்று. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். டைல்ஸ் போடுகிறவர் ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டார்:

“பின்கதவு இல்லாத வீட்டுல எந்தக் கதவத் தொறக்கணும் மேடம்?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அவர் நோட்டைப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்து, ஃபேனைப் போடு, கீசரைப் பற்றவை. நான்காவது வரி, பின்கதவைத் திற. பக்கத்திலிருந்தவர் நோட்டிலும் அப்படியே. கதவைச் சாத்த வேண்டும் என்று என் வாய் மட்டும்தான் சொல்லியிருக்கிறது, அண்ணா. அவர்கள் நடந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் காற்று அந்த வழியாக வந்துவிடும். எந்த வீடாக இருந்தாலும் புகை மேலேதான் போகும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நீ விட்டுப்போன பெட்டியில் உன் நோட்டு இருந்தது. உன் கோணல் கையெழுத்தில் நான்காவது வரி: “பின்கதவைத் திற. வாத்தியாரம்மா உத்தரவு.” தங்கச்சியிடம் பாடம் படிக்கும் கொடுமையைப் பார் என்று கிண்டலடித்துக்கொண்டே, நான் செய்ததில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய்.

நீ பார்த்தது நிஜம். புகை மேலேதான் போயிருக்கிறது. பொய் சொன்னவன் நீ இல்லை. தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். இதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் பாவம் தீர்ந்துவிடாது என்று தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீ ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருந்தவரை உன் வீட்டைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. ஊரான் வீட்டில் சோம்பல் பட்டிருப்பான், சொந்தப் பிள்ளை தூங்குகிற வீட்டில் ஒழுங்காகப் பார்த்திருப்பான் என்றுதான் இருந்தேன். உன் நோட்டைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. நீ யோக்கியன். உன் வீட்டிலும் பின்கதவைத் திறந்து வைத்துத்தான் பார்த்திருப்பாய்.

சண்டைக்கு முன்னால் அண்ணி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். புது வீட்டில் உங்கள் அண்ணன் ஒரு இண்டு இடுக்கு விடவில்லை, உள்ளே கதகதவென்று இருக்கிறது, எனக்குத்தான் இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காலையில் தலை வலிக்கிறது என்றார்கள். பாப்பா சமர்த்தாகத் தூங்குகிறாள், பாலுக்குக்கூட எழுந்திருப்பதில்லை என்றார்கள். அன்றைக்கு அதைக் கேட்டு, அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள், தூங்குமூஞ்சி என்று பதில் போட்டேன். இன்று மத்தியானத்திலிருந்து அந்த மெசேஜை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

என்னிடம் படித்த எண்பத்தேழு பேருக்கும் போன் போட்டாயிற்று. எண்பத்தாறு பேர் எடுத்துவிட்டார்கள். உன் கம்பெனியில் கேட்டால், சைட்டில் சிக்னல் இல்லை, சூப்பர்வைசர் திங்கட்கிழமை போகும்போது சொல்லச் சொல்கிறோம் என்கிறார்கள். பதறிக்கொண்டு வீட்டு விலாசம் கேட்டேன், குடும்பச் சண்டைக்கு விலாசம் தரமாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நல்ல மனுஷர் ஒருவர் எடுத்தார். தெருப் பேர் சொல்லும்மா, இப்பவே போறோம் என்றார். கூடப் பிறந்த அண்ணன் குடியிருக்கும் தெரு எனக்குத் தெரியவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நீ ஏன் பேசுவதில்லை என்று தினம் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

டிரைவரிடம் என் மீட்டரைக் கொடுத்தனுப்ப முடியவில்லை, இந்த வீட்டுக்கு அது வேண்டும். விஷப்புகை சேர்ந்தால் கத்தும் அலாரப் பெட்டி ஒன்று அனுப்புகிறேன். படுக்கிற அறையில் மாட்டு. அங்கே நீ யாருக்காவது வேலை சொல்லிக் கொடுத்திருந்தால், நான்காவது வரியை அடிக்கச் சொல். முடித்த வீடுகளையெல்லாம் கதவைச் சாத்தி மறுபடி பார். என் பேரைச் சொல்லியே சொல், வாத்தியாரம்மா தப்பு என்று.

லாரி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார். நீங்கள் மூன்று பேரும் நூறு வயது இருக்க வேண்டும். என்னோடு நீ பேச வேண்டாம் அண்ணா, வருஷக்கணக்கில் பேசாவிட்டாலும் சரி. படித்ததும் பாப்பாவைத் தட்டி எழுப்பு. எழுந்திருக்காவிட்டால் கிள்ளிவிடு. எனக்குப் போன் போட்டு அவள் பக்கம் பிடி. அவள் அழுவது கேட்டால் போதும்.

கதவைத் திறந்து வைத்த பாவி,
உன் தங்கை