அப்பா கோபத்தில் அனுப்பிய வசனம்

ஓசூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் அந்த மழையூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? நம் சபை அஸ்வின் டப்ளினுக்குப் படிக்க வருகிறான், அவனிடம் மாங்காய் ஊறுகாயும் ராகி மாவும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டியைப் போட்டுவிடாதே.

சபைக் கமிட்டித் தேர்தலில் அப்பா தோற்று விஜயகுமார் சித்தப்பா செயலாளர் ஆனதும், அதன் பிறகு இரண்டு பேரும் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட கூத்து பொறுக்காமல் நீ குரூப்பை விட்டு வெளியேறியதும் உனக்கு மறந்திருக்காது. ஒரே பாக்டரியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து, நம் சபை வெறும் தகரக் கொட்டகையாக இருந்த நாளில் சேர்ந்து மணல் சுமந்தவர்கள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்ததும் அவர்தான், ரத்த உறவு இல்லாவிட்டாலும் சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நீ. நீ வெளியேறிய பிறகு சண்டை இன்னும் முற்றியது. விடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதத்தைப் புரட்டுவார் உன் அப்பா. ஆகா, தியானம் செய்கிறார் என்று பார்த்தால் சித்தப்பாவை அடிப்பதற்குத் தோதான வசனம் தேடுகிறார்! ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் ஒரு நாள், வெள்ளையடித்த கல்லறை மறுநாள், ஒவ்வொன்றோடும் ஒரு ரோஜாப்பூ படம் வேறு. சித்தப்பா மட்டும் லேசுப்பட்டவரா, நாக்கும் நெருப்புதான் என்று மத்தியானத்துக்குள் பதில் போட்டுவிடுவார். விவரம் தெரியாத சபையார் இரண்டுக்கும் கைகூப்பி ஆமென் போடுவார்கள். வசனத்தைக் கல் மாதிரி எடுத்து எறிகிறீர்களே, அடுக்குமா என்று கேட்டால், வேதத்தில் இருப்பதைத்தானே போடுகிறேன், என் சொந்தச் சரக்கா போடுகிறேன் என்பார்.

இப்படி இருக்கும்போது இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் வேதத்தின் மீகா புத்தகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். எதிரியே, என்னைப் பார்த்துச் சந்தோஷப்படாதே, விழுந்தாலும் நான் எழுந்திருப்பேன், இருட்டில் உட்கார்ந்தாலும் கர்த்தர் எனக்கு வெளிச்சமாக இருப்பார் என்று வருகிற வசனம். அடுத்த தேர்தலில் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அனுப்பிவிட்டு காபியை ரசித்து ரசித்துக் குடித்தார். அன்றைக்குச் சித்தப்பாவிடமிருந்து பதில் இல்லை, மறுநாளும் இல்லை. பார்த்தாயா, வாயடைத்துவிட்டேன் என்று என்னிடம் பெருமை வேறு. அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவே போன் செய்தார். உன் சுகுணா சித்திக்கு மார்பில் கட்டியாம், புற்றுநோய் என்று சொல்லி பெங்களூரில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், அதுவும் அப்பா வசனம் போட்ட அதே காலையில். ஊரைக் கூட்ட வேண்டாம் என்று சித்தி யாரிடமும் சொல்ல விடவில்லையாம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் வெளியே படுக்க வைத்திருந்தபோது பயத்தில் அவளுக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லையாம். போனைச் சித்தப்பாவிடம் கொடுக்கப் போனவள் கண்ணில் குரூப்பில் அப்பா போட்ட அந்த வசனம் பட்டிருக்கிறது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாளாம். என்னம்மா சொல்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் அவளுக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது அண்ணனையும் அக்காவையும் பார்க்க வேண்டும் என்கிறாள், வருவீர்களா என்று சித்தப்பா கேட்டார். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனை வைத்தவர்தான், தட்டில் இருந்த தோசை ஆறிப் போனது.

மறுநாள் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். கண்ணு, சித்தி பாதியாக இளைத்துவிட்டாள். அந்த வசனத்தை உங்க வாயால ஒருதடவை வாசிங்கண்ணே என்று வேதத்தை அப்பா கையில் கொடுத்தாள். அவர் திறந்தார், எதிரியே என்று வாசித்தார், அடுத்த வார்த்தை வரவில்லை. எதிரே சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். நீ விமானம் ஏறிய அன்றுகூடக் கலங்காத மனுஷன் பொலபொலவென்று அழுதார். எழுந்து வாசலுக்குப் போனவர் பின்னாலேயே சித்தப்பாவும் போனார். விஜயா, அது சுகுணாவுக்கு அனுப்புனது இல்லடா, உன்ன நெனச்சுத்தான் போட்டேன் என்று இவர் சொல்வது ஜன்னல் வழியாக எங்களுக்கு நன்றாகக் கேட்டது. தெரியும்ணே, ஆஸ்பத்திரியில பாத்ததும் கோவம்தான் வந்துச்சு, ஆனா அவ வாசிச்சு முடிக்கறப்ப அந்தக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல என்றார் அவர். நான் பதறிப்போய்ச் சித்தியைப் பார்த்தேன், உண்மை தெரிந்து மனசு உடைந்துவிடுவாளோ என்று. அவள் சிரிக்கிறாள்! எனக்குத் தெரியாதாக்கா, நானும் அந்தக் குரூப்புலதானே இருக்கேன், யாருக்குப் போட்டா என்ன, நான் பசியோட கெடந்தேன், சாப்பாடு என் முன்னால வந்துச்சு, எடுத்துக்கிட்டேன் என்றாள். நான் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறேன், வசனத்துக்கு உயிர் இருக்கிறது என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது சித்திக்கு மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டுகிறது, வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை, ஆனாலும் டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார், அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்கு வந்துவிடுவேன் என்று அவளும் சொல்கிறாள். மருந்து ஏற்ற பெங்களூருக்கு அழைத்துப் போவது நம் காரில்தான். வழியில் அத்திபெலே நெரிசலைத் தாண்ட எந்தப் பக்கமாகப் போவது என்று அண்ணனும் தம்பியும் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் இது பழைய சண்டை, கேட்கச் சுகமாக இருக்கிறது. காலையில் அப்பா வேதத்தை எடுத்தால் முதலில் தனக்காக வாசிக்கிறார், சில நாள் எதுவும் அனுப்பாமலே மூடி வைத்துவிடுகிறார். மருந்து ஏற்றும் நாளில் மட்டும் யாராவது ஒருவர் சித்திக்கு ஒரு வசனம் அனுப்புகிறோம். அடுத்த முறை, ஞாயிறு பள்ளியில் தன்னிடம் படித்த ஜெமிமாதான் அனுப்ப வேண்டும் என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அஸ்வின் இதை உன்னிடம் கொடுக்கிற வாரத்து வியாழக்கிழமை, மறந்துவிடாதே. சித்திக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எங்கேயும் போய்த் தேடாதே, அன்று உனக்காக நீ வாசிப்பதில் எது உன்னைத் தொடுகிறதோ அது போதும். உன் வார்டில் அந்த சீனியர் நர்ஸோடு ஒத்துப்போகவில்லை என்றாயே, அவளுக்கென்று கல் மாதிரி கனமாக எதையாவது எடுத்து வைத்திருந்தால் அதையும் கீழே போட்டுவிடு, நீ உன் அப்பா மகள், எனக்குத் தெரியும்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லோரும் பிழைத்து எழும்பட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். சித்தப்பா உன்னை மறுபடியும் குரூப்பில் சேர்க்கப் போகிறார், வெளியேறாதே.

உன்னை நினைத்தபடி ஜெபிக்கும் அம்மா,
ரூபாவதி

வியாழக்கிழமை அனுப்பும்போது ரோஜாப்பூ படம் வேண்டாமாம். எழுத்தைப் பெரிதாக மட்டும் போடச் சொன்னாள் சித்தி, உள்ளே போகுமுன் அந்தக் கன்னட நர்ஸுக்கும் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.