சூடத் தட்டின் மேல் ஈரச் சாக்கு

பாய், இன்று மதியம் வேலை முடிந்து வந்த மகள் பையைத் திறந்ததும் சூட வாசனை அடித்தது. பொரி, வெல்லம், ஒரு பூசணிக்காய். நாளை ஆயுத பூஜை. "மில்லுக்கும் சேத்து வாங்கிட்டேம்ப்பா" என்றாள். அவள் இப்போது நெடுங்காடு சாலையில் இருக்கும் நம் மைதா மில்லில்தான் மூட்டை தைக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் ஓடி வந்திருப்பேன். நீங்கள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

அந்த மில்லில் அப்போது நீங்கள் ஃபிட்டர், நான் கூட்டிப் பெருக்குகிறவன். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது தானியக் கிடங்கில் தூசு வெடித்து உங்கள் இடது காது போயிற்று. அதனால் என்னை எப்போதும் வலப்பக்கம் நிறுத்தித்தான் பேசுவீர்கள். "மாவு போயி வெடிக்குமா பாய்? அப்ப பரோட்டாக் கடைக்காரனையெல்லாம் பட்டாளத்துல சேத்துக்கலாமே" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உத்தரத்தின் மேல் படிந்திருந்த மாவை விரலால் வழித்துக் காட்டினீர்கள். "கெடக்குற வரைக்கும் சும்மா கெடக்கும் மாப்ளே. காத்துல எழும்பி நின்னுச்சுன்னா ஒரு பொறி போதும். காத்துப் பைப்ப மட்டும் தொறக்காத. மெள்ள கூட்டி அள்ளு."

சுனாமிக்கு அடுத்த வருஷம் வந்த ஆயுத பூஜை அது. ஏணி போட்டு உத்தரமெல்லாம் கூட்டி அள்ள இரண்டு நாள் ஆகும். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். நீங்கள் வெளியே தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தீர்கள். நான் காற்றுப் பைப்பைத் திறந்து அடித்தேன். அரை மணியில் எல்லாம் சுத்தம். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு எழும்பிய மாவில் அறை வெளுத்து நின்றது. பைப்பைச் சுருட்டி மாட்டும்போதே மேஸ்திரி சூடம் ஏற்றிய தட்டோடு வாசற்படிக்கு வந்துவிட்டார். பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு மேனேஜர்.

ஈரச் சாக்கோடு நீங்கள் ஓடி வந்து தட்டின் மேல் போட்டதைப் பார்த்தேன். தட்டு விழுந்து சுழன்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"யோவ் பாய், சாமி தட்டுலயா சாக்கப் போடுற?" என்று மேஸ்திரி கத்தினார்.

"வெளி வாசல்ல காட்டுங்க, தேங்காய நானே எடுத்தாந்து தர்றேன். உள்ள வேணாங்க, வெடிச்சிரும்."

"வருஷா வருஷம் காட்டுறோம். எந்த வருஷம் வெடிச்சிச்சு?" என்றார் மேனேஜர்.

"வருஷா வருஷம் கூட்டித்தாங்க அள்ளுவோம். இன்னைக்கு யாரு காத்து அடிச்சது?"

நான் குனிந்து துடைப்பத்தை எடுத்தேன். என் புருவத்தில் இருந்த மாவை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டும் என் பேரைச் சொல்லவில்லை.

வெடிக்கவில்லை, பாய். வெடிக்காததால்தான் நீங்கள் சொன்னது நிஜம் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது. பூஜையைக் கெடுத்தவர் என்று அந்த வாரமே உங்களை நிறுத்திவிட்டார்கள். கேட்டில் என்னைப் பார்த்து, "கண்ணக் கழுவு மாப்ளே, மாவு போயிருக்கும்" என்றீர்கள். அவ்வளவுதான். அப்புறம் நீங்கள் கருக்களாச்சேரியில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது எத்தனையோ தடவை வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பேச்சை மட்டும் நானும் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை.

இதுவரை எழுதிய மகள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா, இன்னைக்கு நாங்களும் காத்துதான் அடிச்சோம். மிச்சத்த நாளைக்குக் காலையில அடிச்சிட்டு, உள்ளயே பூஜைன்னு மேஸ்திரி சொல்லிருக்காரு."

"நீ போகாத."

"நான் போகாட்டி ஆச்சா? உள்ள இன்னும் பதினோரு பேரு இருக்காங்களேப்பா."

எழுந்து போய் ஒரு சாக்கை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். திரும்பி வந்து, இதையும் எழுதச் சொன்னேன்.

விடிந்ததும் அவளோடு நானும் போகிறேன். அதே மேனேஜர்தான், அதே மேஸ்திரிதான். எந்த வருஷம் வெடித்தது என்று மறுபடியும் கேட்பார்கள். அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்வேன்: காற்று அடித்தது நான்தான். அதற்கப்புறம் சூடத்தை வெளி வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்வேன். கேட்பார்களோ மாட்டார்களோ தெரியாது. கேட்காவிட்டால் சாக்கு என் கையில் இருக்கும்.