விழாத எரிகோ

என் அருமை மகள் சிட்டுவுக்கு, உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் ஆண்டவர் கிருபையில் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உன்னைத் தனியாக விசாரித்ததாக எழுதச் சொன்னது. நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும், உன் அறையில் கூட இருக்கும் அந்தக் குறட்டைக்காரத் தோழியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் அவரே எழுதியிருப்பார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும், விஷயம்தான் நாலு வரிக்கு மேல் வராது. என் எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் உள்ளே சரக்கு இருக்கும், பொறுமையாகப் படி.

அங்கே உன் சபையில் கதை சொல்கிற வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள், மூன்று வயதிலிருந்து எழுபது வயது வரை எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்து, கையால் ஏதாவது செய்ய வைத்து வேதக் கதை சொல்ல வேண்டுமாம், என்ன செய்யட்டும் என்று சித்தியிடம் கேட்டிருந்தாய். பதில் நான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என்னைப் பள்ளிக்கூடம் விடவில்லை, நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். முதலில் சின்னதுகள். அவர்களுக்குக் களிமண் கொடுக்காதே, தின்றுவிடுவார்கள், பிசைந்த மாவு கொடு, தின்றாலும் பாதகமில்லை. நோவா பேழைக்கு மிருகம் செய்யச் சொன்னால் எல்லாரும் பாம்புதான் செய்வார்கள், உருட்டினால் வந்துவிடுகிறதே. நம் பேழையில் போன தடவை இருபத்தாறு பாம்பும் ஒரு சப்பையான யானையும் ஏறின. எட்டு பத்து வயசுக்காரர்களுக்குக் கத்தரிக்கோலும் பசையும் போதும், ஆனால் தாவீது கதைக்குக் கவண் செய்ய வைத்தால் கல்லுக்குப் பதில் பஞ்சு கொடு, போதகர் வீட்டு ஜன்னலைக் கேட்டால் அது சாட்சி சொல்லும். வாலிபர்களிடம் உதவி செய்யுங்கப்பா என்று கெஞ்சாதே, இதெல்லாம் உங்களால முடியாது தம்பி என்று ஒரு வார்த்தை சொல், பறந்து வந்து செய்வார்கள். பெரியவர்கள் எதுவும் செய்ய மாட்டார்கள், இருந்தாலும் கையில் நூலும் மணியும் கொடுத்துவிடு, கை சும்மா இல்லாவிட்டால் வாய் நல்லதாகப் பேசும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஆலயத்துப் பின்னறை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் சித்தி இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிற அறை, நீ பல் விழுந்த வாயோடு வசனம் ஒப்பித்த இடம். அந்த அறைக்கு ஆபத்து வந்துவிட்டது. நம் கமிட்டிச் செயலாளர் எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவார், அதனால் அவருக்குத் தீர்மானம் என்றே பேர். அவருக்கு முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கி வைக்க இடம் வேண்டுமாம். வர்றதே பன்னெண்டு புள்ளைங்க, மாடிப்படிக்குக் கீழ உக்காந்து பாடினா ஆண்டவருக்குக் கேக்காதா என்று கமிட்டியில் பேசியிருக்கிறார். ஆண்டவர் பிள்ளைகளை என்னிடத்தில் வரவிடுங்கள் என்றார், இவர் நாற்காலிகளை வரவிடுங்கள் என்கிறார். அந்த முந்நூறில் எண்பதுக்கு மேல் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் போதகர் தங்கமான மனுஷன், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் கட்சி. அன்று கடைசியாகப் பேசியது உன் சித்தி. ஒரே ஒரு ஞாயிறு கொடுங்க ஐயா, கைக்குழந்தையில இருந்து கைத்தடி வரைக்கும் சபை மொத்தத்தையும் ஒரு கதைக்குள்ள கொண்டு வந்து காட்டுறேன், முடியலன்னா நானே சாவியைக் கொடுத்துடறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது வீரமாகத்தான், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் எடுத்த கதை எரிகோ. வாலிபர்கள் அட்டைப்பெட்டியில் உடன்படிக்கைப் பெட்டி செய்து தூக்க வேண்டும், சின்னதுகள் காகிதத்தைச் சுருட்டி எக்காளம் செய்து ஊத வேண்டும், பெரியவர்கள் எதிரிகளாகக் கோட்டைக்குள் உட்கார வேண்டும், ஏழு தரம் சுற்றி எல்லாரும் சேர்ந்து கத்தினால் சுவர் விழ வேண்டும். சுவருக்குக் காலி அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகளே கோணலும் மாணலுமாக அடுக்கட்டும் என்றுதான் அவள் யோசனை. வீட்டில் முப்பது வருஷ மேஸ்திரி ஒருவன் குத்துக்கல்லாக இருக்கும்போது சுவரைப் பிள்ளைகள் கட்டுவதா, சுவர் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். ஏங்க, இது விழ வேண்டிய சுவரு, மனசுல வச்சுக்கோங்க என்றாள். எனக்கா சொல்லித் தருகிறாய், மோசே கட்டின சுவர்தானே என்றேன். மோசேயும் இல்ல, கட்டவும் இல்ல, யோசுவா, விழுந்துச்சு என்றாள். யாராயிருந்தால் என்ன, சுவர் சுவர்தானே.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பெட்டிகளை அறைக்கு நடுவில் வட்டமாக அடுக்கினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு விரல் சாய்ந்திருக்கிறது. என் கட்டில் இதுவரை ஒரு நூல் சாய்ந்ததில்லை, கண் எரிந்தது மகளே. பாரத்துக்காகக் கீழ்வரிசையில் மணல் போட்டேன். மணலின் மேல் கட்டினவன் கதி என்ன ஆயிற்று என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் அல்லவா, அதனால் கொஞ்சம் சிமெண்ட் கலந்தேன். கீழ்வரிசைக்குக் கொடுத்துவிட்டு மேல்வரிசைக்குக் கொடுக்காமல் இருந்தால் அது ஓரவஞ்சனை. சும்மா கிடந்த கம்பியில் நாலு துண்டை நடுவில் இறக்கினேன். அட்டை அட்டையாகத் தெரிந்ததால் மேலே ஒரு பூச்சு பூசி, மணியாசுக்கட்டையால் வழவழவென்று தேய்த்து இழைத்து, கல் மாதிரிச் சாயம் அடித்தேன். என் நெஞ்சு உயரம், உள்ளே போக இரண்டடி வாசல். சித்திக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரையும் உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு இஞ்சினியர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

ஞாயிறு வந்தது. ஆரம்பமே தகராறு. கோட்டைக்குள் உட்கார மாட்டோம் என்று பெரியவர்கள் மூன்று பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அறுபது வருஷமா இந்தச் சபையில அங்கத்தினரு, நான் எதுக்கும்மா எரிகோக்காரன் ஆகணும், செயலாளரை உக்கார வைங்க என்றார் ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். சித்தி எப்படியோ சமாதானம் செய்து, கையில் நூலும் மணியும் கொடுத்து உட்கார வைத்தாள். வாலிபர்கள் பெட்டியைத் தூக்க, சின்னதுகள் ஊத, சபை மொத்தமும் பின்னால் சுற்றியது. எண்பது பேர், முந்நூறு என்றே வைத்துக்கொள். சித்தியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏழாவது சுற்று முடிந்ததும் அவள் கையைத் தூக்கினாள், எல்லாரும் கத்தினார்கள், கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தது. சுவர் அப்படியே நின்றது. இன்னொரு தரம் கத்தினார்கள். எட்டாவது சுற்று போகலாமா என்றார் போதகர், வேதத்துல ஏழுதான், எட்டுக்குத் தீர்மானம் வேணும் என்றார் செயலாளர். வாலிபர்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கடைசியில் செயலாளரே வந்து வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து முட்டினார், சாயம் காயவில்லை, அவர் முதுகெல்லாம் எரிகோ. உள்ளேயிருந்து போஸ்ட்மாஸ்டர், யாருப்பா தள்றது, நாங்க சரணடைஞ்சுட்டோம், ஆளை விடுங்க என்று கத்தினார். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண், ஆண்டவரு இன்னிக்கு லீவா டீச்சர் என்று கேட்டாள். சித்தி சுவரை விரல் முட்டியால் தட்டினாள். கல்லைத் தட்டின சத்தம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் செயலாளர் கையில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள். ஒரு வாரம் வீட்டில் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

சொன்னால் நம்ப மாட்டாய், அடுத்த சனிக்கிழமை செயலாளர் நாற்காலிகளோடு வந்து அறையைத் திறந்தார். சுவருக்கு வெளியே ஆள் நடக்கத்தான் இடம், உள்ளே போக இரண்டடி வாசல், நாற்காலி அடுக்கு எப்படிப் போகும்? சம்மட்டியோடு ஆள் கூட்டி வந்தார். ஒரு அடி. என் சுவரில் ஒரு கீறல் இல்லை, கீழே தரையோடு விரிசல் ஓடியது. அந்தத் தரை அவர் தன் அப்பா ஞாபகமாகப் போட்டுக் கொடுத்தது, அப்பா பேர் வெட்டிய கல்லும் அங்கேதான் பதித்திருக்கிறது, விரிசல் அந்தப் பேருக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. நிறுத்துடா, எங்கப்பாவை உடைக்காதடா என்று அவர் போட்ட சத்தம் நம் வீடு வரை கேட்டது. அன்றைக்கே கமிட்டி கூடியது. எரிகோவின் சுவர் தானாக விழும் வரைக்கும் அறை ஞாயிறு பள்ளிக்கே என்று தீர்மானம் போட்டார்கள். செயலாளர் கையாலேயே எழுதினார், நான் பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தேன். இப்போது பிள்ளைகள் கோட்டைக்குள் உட்காருகிறார்கள். விழாத சுவரைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், போன வாரம் நாற்பது பேர், தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே கதை கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள். போஸ்ட்மாஸ்டரும் அவர் ஆட்களும் யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் இடம் பிடிக்கிறார்கள்.

சாவி மறுபடி கைக்கு வந்த அன்று சித்தி அந்தச் சுவரை ஒரு தரம் சுற்றி வந்தாள். நல்லாத்தான் கட்டியிருக்கீங்க என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் எல்லாவற்றையும் முன்பே யோசித்துத்தான் சிமெண்ட் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று மூடிக்கொண்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையால் மருந்து வாங்குகிறவர்கள் எழுந்து நடப்பார்களாக. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. உன் வகுப்பில் எந்தக் கதையானாலும் சுவரைப் பிள்ளைகளையே கட்டவிடு. தொழில் தெரிந்த ஆள் யாராவது நான் கட்டித் தருகிறேன் என்று வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

உன் அன்புச் சித்தப்பா,
மேஸ்திரி
(சித்தியும் முத்தம் சொன்னாள். இதை அவள் படிக்கவில்லை, போனில் கேட்டால் உளறிவிடாதே.)