வெள்ளப் பக்கத்து முயலை மேசைக்கடியிலிருந்து வெளியே எடுக்கக் கோரி

அனுப்புநர்:
மழலையர் வகுப்பு ஆசிரியை,
கால்வாயை ஒட்டிய அரசு தொடக்கப் பள்ளி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பள்ளிப் பாடநூல் அலுவலகம்.

பொருள்: பேரிடர்ப் பாதுகாப்புப் படப் புத்தகத்தில் இரண்டு படங்கள் இடம் மாறியிருப்பதால், புத்தகத்தைத் திரும்பப் பெறவும், எனக்கு அனுப்பிய குறிப்பாணையை ரத்து செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகம் வெளியிட்ட ‘முயலுக்குத் தெரியும்’ அழகான புத்தகம். வழுவழுப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஆபத்தின் படம், கீழே முயல் என்ன செய்கிறது என்ற படம். குறை ஒன்றுதான். நிலநடுக்கப் பக்கத்தில் முயல் மாடிப்படி ஏறி ஓடுகிறது. வெள்ளப் பக்கத்தில் மேசைக்கடியில் புகுந்து, மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

2. புத்தகம் வந்த அன்றே இதை எழுதி அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டு பிழைதிருத்தச் சீட்டு வந்தது: “பக்கம் ஆறின் கீழ்ப்படத்தைப் பக்கம் ஒன்பதிற்குரியதாகவும், பக்கம் ஒன்பதின் கீழ்ப்படத்தைப் பக்கம் ஆறிற்குரியதாகவும் கொள்க.” பின்னட்டையில் ஒட்டச் சொன்னீர்கள். ஒட்டினேன். ஐயா, என் பிள்ளைகளுக்கு நான்கு வயது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒருவருமில்லை. சிலர் அந்தச் சீட்டின் மேல் பூ வரைந்திருக்கிறார்கள்.

3. தினமும் காலையில் இந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு. அந்த இரு பக்கங்களையும் நான் தாண்டிப் போனேன். ஆளுக்கொரு பிரதி கையில் இருக்கும்போது அவர்கள் தாண்டுவார்களா? தண்ணீர் வந்தால் மாடிக்கு ஓட வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். “இல்ல டீச்சர், முயல் இங்கதானே இருக்கு?” என்று படத்தைக் காட்டி என்னையே திருத்தினார்கள். முயலுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

4. சென்ற மாதம் கால்வாய்க் கரை உடைந்து, பட்டப்பகலில் வகுப்புக்குள் தண்ணீர் புகுந்தது. மாடிக்கு ஓடச் சொல்லிக் கத்தினேன். புத்தகத்தைக் கிழித்துக் கப்பல் செய்த வால்கள்தான் முதலில் படியேறினார்கள். ஒழுங்காகப் படித்த குழந்தைகள் மேசைக்கடியில் புகுந்துகொண்டார்கள். நானும் ஆயாம்மாவும் ஒவ்வொருவராக இழுத்து வெளியே எடுத்தோம். கடைசியாக இருந்தவள், நாங்கள் ‘சமத்து’ என்று அழைக்கும் சிறுமி. மேசைக்காலை அவள் விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்தேன். தண்ணீர் அவள் வாய்வரை வந்திருந்தது. மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லிக் குடுத்ததத்தானே டீச்சர் செஞ்சா?” என்று அவளுடைய அப்பா கேட்டார். அந்தக் கேள்வி தங்கள் மேசைக்கு வந்திருக்க வேண்டியது ஐயா. என்னிடம் வந்தது.

5. அதன்பின் பள்ளியில் மிஞ்சிய எல்லாப் பிரதிகளிலும் அந்த இரண்டு படங்களையும் பிளேடால் வெட்டி, இடம் மாற்றி ஒட்டினேன். ஆய்வுக்கு வந்த அலுவலர் முதலில் பின்னட்டையைத் திருப்பி, சீட்டு இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். உள்ளே புரட்டியதும் முகம் மாறிவிட்டது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதாக எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. வெட்டிய பிரதிகளை ஒப்படைத்துவிட்டுக் கிடங்கிலிருந்து புதிய பிரதிகளை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அதே முயல், அதே மேசை. வெள்ளிக்கிழமை தங்கள் தலைமையில் நடக்கும் வெள்ள ஒத்திகையில் குழந்தைகள் அந்தப் புதிய பிரதிகளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

6. எங்கள் பள்ளியோடு இது முடிவதில்லை. மற்றப் பள்ளிகளிலும் இதே புத்தகம் இருக்கிறது. மழையும் ஓயவில்லை. எல்லாப் பிரதிகளையும் உடனே திரும்பப் பெற்று, படங்களைச் சரிசெய்து அச்சிட்டுத் தாருங்கள். தயவுசெய்து இன்னொரு சீட்டு அனுப்பிவிடாதீர்கள்.

7. சமத்து இன்றுதான் பள்ளிக்குத் திரும்பினாள். நான் ஒட்டிய வெள்ளப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். படியேறும் முயலின் மேல் விரலை வைத்து, “முயலுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா டீச்சர்?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். குறிப்பாணைக்கு என் விளக்கமும் அதுதான். வெட்டியது நானே. அந்தப் பிரதிகளை ஒப்படைக்க மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை, ஒத்திகைக்கு நான்கு நாள் முன்பு.
இடம்: பள்ளியின் மாடி அறை. கீழ் அறை இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மழலையர் வகுப்பு ஆசிரியை