சுவரைப் பார்த்துப் படுப்பவர்

மார்ச் 4

நான் இருட்டில் உட்கார்ந்து அழுகிறேன் என்று மருமகள் மாடிவீட்டில் சொல்லியிருக்கிறாள். தவறு. இருட்டில் உட்காருகிறேன், அழவில்லை. துளி ஒளி படாதபோதும், ஒளியை மின்சாரமாக்கும் டையோடில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை அளக்காமல் நான் செய்யும் ரிசீவரின் இரைச்சலைக் கணக்கிட முடியாது. தவறைத் திருத்தினால் காரணத்தையும் எழுது என்பது கான்வென்டில் சிஸ்டர் பழக்கியது.

என்னிடம் மருமகள் வேறு மாதிரி பேசுகிறாள். "மாமா போய் ரெண்டு மாசம்கூட ஆகல அத்தை. அதுக்குள்ள சால்டரிங் அயர்னைத் தூக்கிட்டீங்க."

மார்ச் 6

லேப். ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராகப் போகிறேன். எங்கள் கருவியில், மருத்துவமனை அறையின் கூரை விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும். அந்த மினுக்கலில் நர்ஸின் குரல் வரும். நோயாளியின் சட்டையில் குத்திய ரிசீவர் அதைப் பேச்சாக்கும். லேப் தலைவர் செய்த ரிசீவரில் ஒரே டையோடு, மேலே ஒரு லென்ஸ். என்னுடையதில் ஐந்து சிறு டையோடுகள், ஐந்தும் ஐந்து பக்கம் சாய்ந்தவை. எதில் குரல் தெளிவோ அதை எடுத்துக்கொள்ளும்.

"மேடம், இது ரிசீவரா, முள்ளம்பன்றியா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றது அலமாரிக்குப் போகும்.

மார்ச் 7

சாப்பிட்டேனா? தட்டு கழுவியிருக்கிறது. சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 9

லென்ஸ் ஜெயித்தது. மேசை நடுவில், விளக்குக்கு நேர் கீழே, அண்ணாந்து பார்க்க வைத்துச் சோதித்தார்கள். அங்கே எதுவும் ஜெயிக்கும். சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள் என்றேன்.

"சுவத்தப் பாத்து யாரு மேடம் படுப்பாங்க?"

என் வீட்டில் ஒருவர் படுத்தார். கடைசி மாதம் முழுக்க. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இதை அங்கே சொல்லவில்லை. சொன்னால் இரங்குவார்கள். இரக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 10

அவர் கட்டிலில் படுத்தேன். சுவரைப் பார்த்து. லேபிலிருந்து விளக்கையும் இரண்டு ரிசீவர்களையும் கொண்டுவந்திருந்தேன். கூரையில் மாட்டிய அந்த விளக்கோடு இணைத்த மைக்கை அடுக்களையில் மருமகளிடம் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"என்ன பேச அத்தை?"

"எதையாவது பேசு."

லென்ஸில் வெறும் இரைச்சல். என்னுடையதை மாட்டினேன். "அத்தை, கேக்குதா? பதிலே சொல்லாம கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்? மாமாவும் இப்படித்தான் —"

ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ரிசீவருக்குக் கிடைத்தது சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டும்தான், வேறில்லை.

அப்படியென்றால் அவர் முகத்திலும் வெளிச்சம் இருந்திருக்கிறது. அந்த மாதம் முழுக்க.

விளக்கை நான் அணைக்கவில்லை. அவளும் வந்து அணைக்கவில்லை.

மார்ச் 11

தலைவருக்கு அனுப்பியது:

"ஐயா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து எடுத்த அளவுகளை இணைத்துள்ளேன். லென்ஸ் ரிசீவர் ஊமையாகிவிட்டது, மற்றது பேசியது. அப்படி யார் படுப்பார்கள் என்று கேட்டீர்கள். என் கணவர் படுத்தார். அவரைப் போன்றவரும் நம் நோயாளிதானா, இல்லையா? தொலைபேசியில் வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்."