அமெரிக்காவில் பைசலின் குரல்

பபேடான், யாங்கோன்
19 ஜனவரி 2025

அன்புள்ள அஷ்ஃபாக் காக்காவுக்கு,

தங்கை இன்ஷாவின் ஸலாம். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சுகமில்லை என்று எழுதுவதற்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்காக உம்மா ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறார்.

நீங்கள் சிகாகோ போன இரண்டு வருஷத்தில் இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். பதில் இரண்டுதான் வந்தது. வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று சிரிக்காதீர்கள். தெருமுனையில் பட்டாளத்துக்காரர்கள் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். பர்மிய மொழி என்றால் படித்துவிடுவார்கள். தமிழ் என்றால் கணக்குச் சீட்டு என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கூட்டாளி, என் பைசல் காக்காவைப் பற்றிச் செய்தி இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் பெயர் வந்த மறுவாரம் தாய்லாந்து எல்லைக்கு பஸ் ஏறினார். வழியில் பா-ஆன் ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. "சாப்பிட்டேன், உம்மாகிட்ட சொல்லு" என்றார். அதோடு சரி. எட்டு மாதம் முடிந்தது. அந்தப் பக்கம் போய்வருகிற லாரிக்காரர்களிடமும் கேட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மொகல் தெருவில் அதே கண்ணாடிக் கடைக்குத்தான் போய்வருகிறேன். கரண்ட் நாலு மணி நேரம் வருகிறது. எந்த நாலு மணி நேரம் என்றுதான் தெரிவதில்லை. உம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது.

எழுதுங்கள்.

இன்ஷா


சிகாகோ
9 பிப்ரவரி 2025

பிரியமுள்ள தங்கச்சி இன்ஷாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் குறை நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். பைசலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாதபோது பேனாவை எடுக்கப் பயமாக இருக்கிறது. உம்மா கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டவன் நான். வேறு என்ன எழுதுவது?

ஒரு நல்ல செய்தி. பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ராப் பாடும் ஒருவருக்கு ஒலி சேர்க்கும் வேலை. காலெப் ரஸ்ட் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். வெள்ளைக்காரர். சோளம் விளைகிற ஊரிலிருந்து வந்தவர். மைக் முன்னால் நின்றால் கறுப்பர் பேச்சு, இறங்கிவிட்டால் அவர் ஊர்ப் பேச்சு. இது சரியா என்று இங்கே பத்திரிகைகளில் பெரிய சண்டை நடக்கிறது. எங்களோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னார்: வேலை முடிந்ததும் காலெப் அந்தக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தும்போது தன் தம்பியால் அப்படி முடியாது.

உனக்கு நினைவிருக்கும். நானும் பைசலும் உங்கள் வீட்டில் பாட்டுக் கட்டிய நாட்களில் இதே சண்டையைப் போட்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் ராப்பில் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அப்படியென்றால் யாங்கோனில் தமிழ் பேசும் நாம் மட்டும் எப்படி வைத்தோம் என்று பைசல் கேட்டான். பெயரைச் சொல்லி எடுக்கணும், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைக்கக் கூடாது என்றான். அதனால்தான் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் தனக்குக் கற்றுத்தந்த கறுப்பினப் பாடகர்களின் பெயர்களை அடுக்குவான். நமக்கே அலுத்துப்போகும்.

காலெப் கெட்டவர் இல்லை. கேட்கத் தெரிந்தவர். நம் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டார்.

உம்மாவுக்கு என் ஸலாம். மருந்தை விடவேண்டாம் என்று சொல்.

உன் காக்கா,
அஷ்ஃபாக்


பபேடான்
6 மே 2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நிலம் ஆடிய அன்றைக்கு நீங்கள் அனுப்பிய செய்தி பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. இங்கே சுவரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். மண்டலேயில் ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள் பள்ளிவாசல் இடிந்து உள்ளேயே போய்விட்டார்கள். பெருநாளைக்கு இந்த வருஷம் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை.

எழுத வந்தது வேறு விஷயம்.

போன வியாழக்கிழமை மூன்றாம் மாடி ஷப்னம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதில் ஒரு மைதானம். ஆயிரக்கணக்கில் வெள்ளைக்காரர்கள். மேடையில் ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடுகிறார். நடுவில் அவர் வாயை மூடிக்கொள்ள, பைசல் காக்காவின் குரல் வருகிறது.

"கலான்னு கூப்பிடு, வர்றேன்."

அதை மட்டும் எட்டுத் தடவை போடுகிறார்கள். கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு "கலா, கலா" என்று கத்துகிறது. பஸ்ஸிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் பர்மியர்கள் எங்கள் தோலைப் பார்த்து எங்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை இத்தனை பேர் சந்தோஷமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. பைசல் காக்காவின் பாட்டில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது. "பேரு தெரியுமா? கேளு, தர்றேன்." அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

உம்மா போனைக் கையில் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் அங்கே போய்ச் சேர்ந்துட்டான்டி" என்றார்.

அன்றைக்கே ரவை அல்வா கிண்டி ஆறு மாடிக்கும் கொடுத்தார். என் பிள்ளை அமெரிக்காவில் பாடுகிறான், அஷ்ஃபாக் கூப்பிட்டுக்கொண்டான் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒரு வருஷமாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே யோசித்தவர். இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். போன் மட்டும் ஏன் போடமாட்டேன் என்கிறான் என்று தினமும் கேட்கிறார்.

நான் தனியாக மறுபடி கேட்டேன். காக்காவின் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. எங்கள் வீட்டு மெஷின், ஓட்டுவது உம்மா. கண் மங்கிப்போய் அதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டு வருஷம் இரண்டு ஆகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது பழைய பதிவுதானே? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

இன்ஷா


சிகாகோ
18 மே 2025

பிரியமுள்ள இன்ஷாவுக்கு,

ஆம். பழைய பதிவுதான். நான்தான் கொடுத்தேன்.

உன்னிடம் கேட்டிருக்கவேண்டும். வெறும் மாதிரிக்கு வைத்துப் பார்க்கிறோம், பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் தொடங்கியது. பாட்டு வெளியே போய்விட்டது. உம்மாவின் காதுக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. உம்மா அல்வா கிண்டியதைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

கலா என்றால் என்ன என்று காலெப் கேட்டார். கடல் தாண்டி வந்தவன் என்று சொன்னேன். சில பேர் அப்படித்தானே விளக்கம் சொல்கிறார்கள்? முழுவதையும் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டார். எனக்கு அவன் குரல் வெளியே வரணும் என்று ஆசை. ஒரு மாடிக்குள் கிடந்த குரல் அது. இன்றைக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பார்.

இப்போது நிலைமை மோசம். காலெப் தங்கள் பேச்சைச் சட்டை மாதிரிப் போட்டுக்கொள்கிறார் என்று கறுப்பினப் பாடகர்கள் முன்பே எழுதிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் இங்கே இருக்கும் ஒரு பர்மியப் பெண் அந்தச் சொல்லின் அர்த்தத்தை எழுதிவிட்டாள். யார் அந்தப் பாடகன், அவனைக் கேட்டீர்களா என்றும் கேட்டிருக்கிறாள். காலெப் தரப்பில், நாங்கள் உலகத்துக் குரலுக்கு எல்லாம் இடம் கொடுக்கிறோம் என்கிறார்கள். மேடைக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நான் நின்று சிரிக்கிறேன்.

இத்தோடு ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். குடும்பத்தார் சம்மதம் என்று நீயும் உம்மாவும் கையெழுத்துப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும். இல்லையென்றால் என் வேலை போகும். வேலை போனால் இங்கே இருக்கும் விசாவும் போகும். திரும்பி வந்தால் என் பெயரும் அந்தச் சீட்டில் ஏறும். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

பைசல் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

அஷ்ஃபாக்


பபேடான்
11 ஜூன் 2025

அஷ்ஃபாக் காக்காவுக்கு,

ஸலாம். தாள் கிடைத்தது. கடையில் அச்சடித்து எடுத்துவந்தேன்.

பக்ரீத் முடியட்டும் என்று நான்கு நாள் வைத்திருந்தேன். பிறகு உம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டு, பின்னால் கேட்கிற சத்தம் எது என்று கேட்டேன். உம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை. "என் மெஷின்" என்றார். அரிசி களைய எழுந்துபோனார். நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

ஆறு மாடிக்கும் உம்மாவே ஏறிப்போய், நான் சொன்னது தப்பு, பிள்ளை அங்கே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நான் போகிறேன் என்றதற்கு, அல்வா கொடுத்தது நான்தானே என்றார்.

மறுநாள் அந்தத் தாளைப் படித்துச் சொன்னேன். முதல் வரி ஆங்கிலத்தில் இப்படி இருக்கிறது: மறைந்த பைசலின் வாரிசுகளாகிய நாங்கள்.

மறைந்த என்றால் என்ன என்று உம்மா கேட்டார். மௌத்தாகிப் போனவர்களுக்குப் போடுகிற சொல் என்றேன்.

"யார் சொன்னா?" என்று கேட்டார்.

யார் சொன்னார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் எழுதிய சொல்லா, அவர்கள் எழுதியதா? உங்கள் கடிதத்திலும் பைசல் இருந்தால் என்று இருக்கிறது.

உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாட்டு அவனோடது. அவன் வந்ததும் அவன்கிட்டே கேட்டுக்கச் சொல்லு. அதுவரைக்கும் எடுத்து வைக்கட்டும்."

கையெழுத்து இல்லை, காக்கா. உங்கள் வேலை, விசா எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அஷ்ஃபாக்கும் என் பிள்ளைதான், ஆனால் இந்தப் பிள்ளையை மௌத்து என்று எழுதி அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற எனக்குக் கை வராது என்றார்.

கலா என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஸ்டுடியோப் பெண்ணிடமாவது சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

இன்ஷா


சிகாகோ
27 ஜூலை 2025

பிரியமுள்ள இன்ஷாவுக்கு,

உம்மா சொன்னபடியே ஆயிற்று. பைசலின் குரலை எடுத்துவிட்டார்கள்.

பாட்டைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. அந்த இடத்தில் காலெப் தானே தமிழில் பாடிப் போட்டிருக்கிறார். கலா என்ற சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன், அதைத் தூக்கிவிட்டார்கள். மற்ற வரியை மட்டும் வைத்தார்கள். "பேரு தெரியுமா? கேளு, தர்றேன்." உச்சரிப்புக்கு மூன்று நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பைசல் இழுக்கிற மாதிரியே இழுக்கிறார். ஒரு வெள்ளைக்காரர் இத்தனை சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டாரே என்று இப்போது பாராட்டி எழுதுகிறார்கள். சண்டை அடங்கிவிட்டது. எங்கள் ஸ்டுடியோவின் அந்தப் பெண் மட்டும் என்னோடு பேசுவதில்லை. என் வேலை தப்பியது.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனாலும் குரல் எடுக்கப்பட்டுவிட்டது, உம்மா கேட்டது அதுதானே? ஒரு வரியாவது எழுது.

என்றும் உன் காக்கா,
அஷ்ஃபாக்


பபேடான்
2 செப்டம்பர் 2025

அஷ்ஃபாக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பாட்டும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருந்தபோது உம்மாவும் கேட்டார்.

தமிழ் நன்றாக இருக்கிறதே, யார் இது என்றார். ஒரு வெள்ளைக்காரர் என்றேன். நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது, சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.

இன்ஷா